அக்காவுக்கு ஃபிஷ் டெஸ்ட் எடுத்த அனுபவம்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஊசி பயாப்சியில் தெரிந்ததும், அதே திசுவில் ஹெர்2 சோதனையும் செய்தார்கள். ஹெர்2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு ஜீன். அது உண்டாக்கும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். 0 அல்லது 1+ வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். எங்களுக்கு வந்தது 2+. இரண்டுங்கெட்டான் நிலை. "ஆபரேஷன் முடியட்டும்மா, அந்தத் திசுவில் ஃபிஷ் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். ஹெர்2 ஜீனை ஒளிரும் புள்ளிகளாக (சிக்னல்) தெரியவைத்து எண்ணிப் பார்க்கும் சோதனைதான் ஃபிஷ்.

மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்குத்தான் ஹெர்2 ஜீன் தாறுமாறாகப் பெருகியிருக்கும். நோய் வேகமாக வளரும் வகை அது. ஆனால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜீன் பெருகியிருப்பது தெரியாமல் போனால் அந்த மருந்து கைநழுவிவிடும். பெருகாதவருக்குக் கொடுத்தால் பணமும் போகும், இதயத்துக்கும் வீண் சுமை. அதனால்தான் இந்த ஒரு ரிப்போர்ட்டுக்காக அத்தனை அலைந்தோம்.

ஆபரேஷன் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை (பிளாக்) வாங்கி சென்னையில் ஒரு லேபில் கொடுத்தோம். வெயிலில் நிற்கும் காரில் பிளாக்கை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். பல நாள் காத்திருந்த பிறகு வந்த பதில்: "சிக்னல் தெரியவில்லை, எண்ண இயலாது." நெகட்டிவ் என்று நினைத்து அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அப்படி இல்லை, சோதனையே நடக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

நேரில் போய்க் கேட்டபோது லேப் டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போக வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் டிஎன்ஏ கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அக்காவின் திசு வார இறுதி முழுக்க, சரியாக வெட்டித் திறக்கப்படாமல், போதாத ஃபார்மலினில் கிடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இதை அந்த மருத்துவமனையில் யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை.

"முதல் பயாப்சி பிளாக் இருக்கா? அது மெல்லிசு திசு, ஃபார்மலின் நல்லா இறங்கியிருக்கும்" என்றார். இருந்தது, கொஞ்சம்தான் மிச்சம். அதில் வெட்டிய ஸ்லைடுகளில் சோதனை மறுபடி நடந்தது.

முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கவும் விட்டார். இருட்டறை, வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடுமாம். செல்களின் உட்கருக்கள் நீல வட்டங்களாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பச்சைப் புள்ளிகள். அவற்றைச் சுற்றிக் கேழ்வரகைச் சிந்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். சிவப்புதான் ஹெர்2 ஜீன். பச்சை, அந்த ஜீன் உட்கார்ந்திருக்கும் 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி. ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ துண்டுகளைத்தான் புரோப் என்கிறார்கள். ஸ்லைடைச் சூடாக்கினால் செல்லிலுள்ள டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும். அப்புறம் 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் புரோப் தனக்குப் பொருத்தமான இடத்தைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவிவிடுவார்கள்.

சிவப்பை மட்டும் எண்ணினால் போதாதா, பச்சை எதற்கு என்று கேட்டேன். ஒரு செல்லில் 17ஆம் குரோமோசோமே கூடுதலாக இருந்தாலும் சிவப்பு கூடும். அது வேறு விஷயம். தவிர, ஸ்லைடுக்கு வெட்டும்போது சில உட்கருக்கள் பாதியாக அறுபடும், புள்ளிகள் குறைந்து தெரியும். பச்சையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் ஜீன் நிஜமாகவே பெருகியிருக்கிறதா என்பது பிடிபடும். இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோதனை மேல் முழு நம்பிக்கை வந்தது.

ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாமல் எண்களைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் 20 செல்கள் எண்ணியிருந்தார்கள். ஒரு செல்லுக்கு சராசரி சிவப்பு 6.2, பச்சை 2.2, சிவப்பைப் பச்சையால் வகுத்த விகிதம் 2.8. விகிதம் 2க்குக் குறையாமலும் சிவப்பின் சராசரி 4க்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ். அக்காவுக்கு இரண்டுமே தாண்டியிருந்தன. விகிதம் 2க்குக் கீழே இருந்து, சிவப்பு மட்டும் 4க்கு மேல் இருந்தால் இன்னொருவர் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. உங்கள் ரிப்போர்ட் அப்படி இருந்தால் அது நடந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.

எக்கோ எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகு டிராஸ்டுசுமாப் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஓராண்டு. மிச்சமிருந்த பயாப்சி பிளாக்கை லேபில் கேட்டுத் திரும்ப வாங்கிவிட்டோம். நாளைக்கு வேறு ஏதாவது சோதனை தேவைப்பட்டால் அதிலிருந்துதான் வெட்டியாக வேண்டும்.