பச்சை வெங்காயம் வேண்டாம், கொத்தமல்லியும் வேண்டாம்

மார்ச் 17, 2025, திங்கள்

பீளமேட்டில் எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு சாலட் கடை வந்திருக்கிறது. போன மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்ததிலிருந்து மதியச் சோற்றைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால் குழுவில் எல்லோரும் கிளம்பியபோது நானும் போனேன்.

பலகையில் எழுதியிருந்த ஒவ்வொரு வகையிலும் எனக்கு ஆகாத ஒன்று இருந்தது. ஒன்றில் பச்சை வெங்காயம். அடுத்ததில் ஆலிவ். அதற்கடுத்ததில் குடைமிளகாய். எல்லாவற்றின் மேலும் கொத்தமல்லித் தழை. "வெங்காயம் இல்லாம கிடைக்குங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் காலைலயே கலந்து வச்சாச்சுங்க மேடம்" என்றார் கல்லாவில் இருந்தவர். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. சீசர் சாலட் என்று கையைக் காட்டிவிட்டேன்.

இந்தச் சீசருக்கும் ரோமாபுரிச் சீசருக்கும் சம்பந்தமில்லை. மெக்சிகோவின் திஹுவானா நகரில் சீசர் கார்டினி என்ற இத்தாலிக்காரர் நடத்திய உணவகத்தில் 1924-இல் பிறந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. மொறுமொறுப்பான ரோமைன் லெட்யூஸ், வறுத்த ரொட்டித் துண்டு, பார்மேசான் சீஸ், முட்டை, ஆலிவ் எண்ணெய் என்று சாமானும் கொஞ்சம்தான். ஆலிவ் காய்தான் எனக்கு ஆகாது, எண்ணெயோடு சண்டை இல்லை. ஆக முழுதும் சாப்பிடலாம் என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். வந்த கிண்ணத்தில் முட்டைக்கோஸும் மயோனைஸும்தான் இருந்தன. கோஸ் அதில் ஊறித் துவண்டு கிடந்தது. ரொட்டித் துண்டைக் கரண்டியில் எடுத்தால் பிய்ந்து விழுந்தது. பாதியோடு மூடி வைத்தேன். நாலு மணிக்குப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். சர்க்கரைக் கணக்கு அங்கேயே முடிந்தது.

மார்ச் 18, செவ்வாய்

"உனக்கு என்னதான்டி பிடிக்கும்?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். அவள் எதையும் சாப்பிடுவாள். பாகற்காயைப் பச்சையாக நறுக்கிக் கொடுத்தாலும் உப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்பாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் தகராறு பெரும்பாலும் ருசியோடு இல்லை, பதத்தோடு. தக்காளி பிடிக்கும், விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு ஆகாது. (சதையைவிட அந்தக் கூழில்தான் குளூட்டமேட் அதிகம், தக்காளியின் ருசியே அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.) காரட் பிடிக்கும், ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்று எடுத்த காரட் பல் கூசும். மாதுளையைத் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் தின்பேன், காரத்தோடு கலந்தால் தொடமாட்டேன். வதக்கிய வெங்காயம் உயிர். பச்சையாக ஒரு துண்டு வாயில் போனால் சாயங்காலம் வரை அதே நெடி.

எழுதிப் பார்த்தால் நொரநாட்டியமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு ஒழுங்கும் தெரிகிறது. ஈரமாகத் துவண்டது, கொழகொழத்தது, சில்லென்றது: இந்த மூன்றும் இல்லாவிட்டால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். கடைச் சாலட் அநேகமாக இந்த மூன்றையும் சேர்த்துத்தான் வருகிறது.

மார்ச் 20, வியாழன்

அம்மா கோபியிலிருந்து போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். "பச்சையாத் தின்னறதுக்கு நாம என்ன ஆடா மாடா கண்ணு? பொரியலை நெறைய வெச்சுச் சோத்தைக் கம்மி பண்ணிக்க" என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் பொரியல் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சோறு தானாக உள்ளே போய்விடும். நாளொன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உருளை, மரவள்ளி மாதிரிக் கிழங்குகளை அதில் சேர்க்கக் கூடாது. என் பொரியலில் பாதி நாள் உருளைக்கிழங்குதான் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சின்ன வயதில் கறிவேப்பிலை, கடுகு, தக்காளித் தோல் என்று ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பேன். "அம்மிணி கோயில் கட்டறா, யாரும் கையை வெக்காதீங்க" என்பார் அப்பா. அடி விழுந்ததில்லை. அதனால்தான் இப்படி இருக்கிறேன் என்று அம்மா இன்றும் சொல்வார்.

மார்ச் 23, ஞாயிறு

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்விட்டேன். வெயில் ஏறிவிட்டால் நல்லதெல்லாம் போய்விடும். உழவர் சந்தைகள் 1999-இல் தொடங்கியவை. விளைவித்தவரே கொண்டுவந்து விற்பது, அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பது என்று ஏற்பாடு. என்னைப் போன்றவர்களுக்கு இதில் தனி வசதி உண்டு. ஒவ்வொரு காயாக எடுத்துத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கலாம், பாலிதீன் உறைக்குள் எது ஒளிந்திருக்கிறது என்ற பயம் இல்லை.

வெள்ளரிப் பிஞ்சு வந்துவிட்டது. "ஏனுங் அம்மிணி, கடிச்சுப் பாருங்க, அப்புறம் வாங்குங்க" என்று ஒரு அக்கா ஒன்றை ஒடித்துக் கையில் கொடுத்தார். விதையே தெரியவில்லை. மொறுக்கென்று இருந்தது. நான் இத்தனை காலம் ஒதுக்கியது முற்றின பெரிய காயை. அதில் நடுவில் தண்ணீராக விதை, சமயத்தில் கசப்பு வேறு. கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற பொருள். காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் அதிகம் இருக்கும், செடிக்குத் தண்ணீர் பற்றாமல் போனால் இன்னும் கூடும். நுனியை நறுக்கி, அந்தத் துண்டாலேயே தேய்த்து நுரை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். தேய்ப்பதால் கசப்பு போகிறதோ இல்லையோ, நுனியைத் தாராளமாக வெட்டி எறிவதால் போகிறது என்பது என் கட்சி.

பிஞ்சு, ஊட்டி காரட், கிளிமூக்கு மாங்காய், எலுமிச்சை வாங்கினேன். கொசுறாகக் கொத்தமல்லியைப் பையில் போட வந்தவரிடம் வேண்டாம் என்றேன். ஏதோ காசை வேண்டாம் என்றதுபோலப் பார்த்தார்.

மார்ச் 25, செவ்வாய்

டப்பா கட்ட ஆரம்பித்தாயிற்று. தயிர்ப் பச்சடி செய்கிற யாருக்கும் தெரியும், வெள்ளரியில் உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். வெளியே உப்பு கூடினால் காய்க்குள் இருக்கும் தண்ணீர் செல்சுவரைத் தாண்டி வெளியே வரும், காய் தொய்ந்துவிடும். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான், வருவதற்கு நிறையவே இருக்கிறது. ஆகவே உப்பும் எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் ஒரு சின்ன மாத்திரைக் குப்பியில். காய்கள் தனியாக, ஈரம் துடைத்து. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஊற்றுவது.

ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. காய் மட்டும்தானே, மதியம் வரை ஒன்றும் ஆகாது.

நன்றாகத்தான் இருந்தது. நாலு மணிக்குக் கால்கள் பேக்கரியைப் பார்த்து நடந்தன. தண்ணீரையும் நாரையும் தின்றுவிட்டு வயிறு நிறையவில்லை என்று யாரைக் குறை சொல்ல?

மார்ச் 28, வெள்ளி

நேற்று இரவு கறுப்புக் கொண்டைக்கடலை ஊறப் போட்டேன். காலையில் உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்து விசில். தண்ணீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, கடலையைத் துணியில் பரப்பி ஆறவிட்டேன். இந்த ஆறவிடும் வேலையைத் தவிர்க்கக் கூடாது. சூட்டோடு மூடினால் டப்பா மூடியில் வேர்த்துச் சொட்டும், மார்ச் வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிப் போகவும் கூடும். கடலை டப்பாவை மட்டும் அலுவலக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அரை மணி முன்னதாக எடுத்துவிடுகிறேன், சில்லிப்பு போய்விடும்.

வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம், 7 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து. செரிக்க நேரம் எடுப்பதால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. கணக்கெல்லாம் சரி, நான் பார்த்தது வேறு: கடலை துவளாது. எதோடு சேர்த்தாலும் தன் பதத்தில் நிற்கும். மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கிறார்களே, அதில் பயறு இருக்கிறது, பச்சைக் காய் இருக்கிறது, புளிப்பும் காரமும் இருக்கிறது, கண் முன்னால் கலந்து கொடுக்கிறார்கள். மணலில் உட்கார்ந்து அதைப் பொறுக்காமல் கடைசிப் பட்டாணி வரை நான் தின்றிருக்கிறேன். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அந்த ஏற்பாடு ஏன் முடியவில்லையோ.

இன்றைக்கு நாலு மணிக்குப் பசி இல்லை. டீ மட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பக்கத்து இருக்கைக்காரி வெங்காயத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தாள். மெல்லிசாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்தால் நெடி போய்விடுமாம். விஷயம் உண்மைதான். வெங்காயத்தை வெட்டும்போது செல் உடைந்து, நொதி வேலை செய்து, காட்டமான கந்தகப் பொருட்கள் உண்டாகின்றன. தண்ணீர் அதில் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். செய்து பார்த்தேன். நெடி பாதி குறைந்தது. மீதிப் பாதி எனக்குப் போதும், அவள் டப்பாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கொத்தமல்லி விஷயத்தில் மட்டும் என் பக்கம் அறிவியல் இருக்கிறது. அந்த இலையின் வாசனை ஆல்டிஹைடு என்ற வகைப் பொருட்களால் வருவது. சோப்பிலும் அதே வகை உண்டு. 2012-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, கொத்தமல்லியில் சோப்பு நெடியை உணர்கிறவர்களுக்கும் ஓஆர்6ஏ2 என்ற வாசனை உணர் மரபணுவுக்கும் தொடர்பு கண்டது. அதே ஆண்டு டொராண்டோவில் நடந்த இன்னொரு ஆய்வில், தெற்காசிய வம்சாவளி இளைஞர்களில் 7 சதவீதம் பேர் கொத்தமல்லி பிடிக்காது என்றார்கள். கிழக்காசியர்களில் அது 21 சதவீதம். ஆக நான் நம் ஊரில் சிறுபான்மை. ரசம், சாம்பார், பிரியாணி, மோர் என்று எதிலும் தூவாமல் விடமாட்டார்கள் என்ற ஊரில் வந்து பிறந்திருக்கிறேன். அரைத்த துவையல் மட்டும் எப்படியோ இறங்குகிறது. இலையை நசுக்கும்போது அதிலுள்ள நொதிகளே அந்த ஆல்டிஹைடுகளை உடைத்துவிடுகின்றன என்று படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "இத்தனை வருசம் கழிச்சு ஒரு சாக்கு கண்டுபுடிச்சிட்டே" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ராமநவமி. தெருமுனைக் கோயிலில் பானகமும் நீர்மோரும் கொடுத்தார்கள், தொன்னையில் கோசுமல்லி. ஊறவைத்த பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கின வெள்ளரி, மாங்காய், தேங்காய்த் துருவல், மேலே கடுகு பச்சைமிளகாய் தாளிப்பு. கொத்தமல்லியை ஒதுக்க வேண்டியிருந்தது, அதனால் என்ன. பருப்பை வேகவைக்காமல் ஊறவைத்து மட்டும் போடுவதால் பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. தாளித்த எண்ணெய் காயின் மேல் ஒட்டிக்கொள்வதால் பச்சை வாடை தெரியவில்லை. ஒரு ஸ்பூன் எண்ணெய்தான், வாய்க்குச் சாப்பாடு என்ற நினைப்பே அதில்தான் வருகிறது. எண்ணெய் இல்லாத டப்பாவில் அந்தக் குறைதான் என்னவென்று தெரியாமல் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது தொன்னை கேட்டேன். கொடுத்தார்கள்.

ஏப்ரல் 9, புதன்

இப்போது டப்பா இப்படி. கீழே ஒரு கை கொண்டைக்கடலை, ஒரு மணி நேரம் ஊறின பாசிப்பருப்பு இரண்டு ஸ்பூன். அதன் மேல் காரட் துருவல் இல்லை, பொடித் துண்டு. துருவினால் தண்ணீர் விட்டுத் தளர்ந்துவிடுகிறது. வெள்ளரிப் பிஞ்சு, மாங்காய், விதைக்கூழ் எடுத்த தக்காளி. வீட்டிலேயே நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கிள்ளின மிளகாய் தாளித்து ஆறவைத்துக் குப்பியில். வறுத்த நிலக்கடலை காகிதப் பொட்டலத்தில் தனியாக, கடைசியில் மேலே கொட்ட. உப்பும் எலுமிச்சையும் சாப்பிடும்போது.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் ஒன்று ஒன்றரை வரை இழுத்தது. அதற்குப் பிறகு கலந்தேன், நன்றாகவே இருந்தது. கடைசி வாய் வரை மொறுப்பு. ஒன்றையும் ஓரத்தில் ஒதுக்கவில்லை. ஆறரைக்குப் பேருந்து ஏறும்போதுதான் பசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 16, புதன்

புத்தாண்டுக்குக் கோபி போய்விட்டு நேற்று வந்தேன். அம்மாவுக்கு ஒரு மதியம் செய்து கொடுத்தேன். "சுண்டலைத்தானே கண்ணு சுத்தி வளைச்சுச் சொல்றே" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். சோறும் போட்டுக்கொண்டார், அது வேறு.

இன்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரியும் டப்பா கொண்டுவந்துவிட்டாள். அவளுடையதில் வெங்காயம், குடைமிளகாய், ஒரு கட்டு கொத்தமல்லி. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், நடுவில் என் குப்பியும் அவள் ஊறுகாயும். நாளைக்குப் பீட்ரூட் கொண்டுவருகிறாளாம், நான் ஒரு துண்டாவது தின்றாக வேண்டுமாம். வேகவைத்ததா பச்சையா என்று கேட்டிருக்கிறேன்.