ஒரு தளபதி, நாலு கல்லறை, ஒரு வீண் அலைச்சல்

பிரான்சில் கல்லறை பார்க்க மோன்ஃபெரானுக்கு மட்டும் போகாதீர்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் லீவும் ரயில் காசும் மிஞ்சியிருக்கும்.

பெர்த்ரான் து கெக்லான், பிரான்சின் தலைமைத் தளபதி. 1380 ஜூலையில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது நோய் கண்டு இறந்தார். தன்னைப் பிரித்தானி பகுதியிலுள்ள தினான் ஊரில்தான் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல கோடை, தூரமோ ஏகத்துக்கு. வழியில் லெ புய் ஊரில் குடலை எடுத்துப் புதைத்தார்கள். அதுவும் போதாமல் மோன்ஃபெரானில் உடலை வேகவைத்து, சதையைப் பிரித்து அங்கே புதைத்தார்கள். எலும்பை மன்னர் ஐந்தாம் சார்ல் பாரிஸ் பக்கத்தில் அரசர்களைப் புதைக்கும் சான் தெனி தேவாலயத்துக்கு வரவழைத்துக்கொண்டார். இதயம் மட்டும் சொன்ன இடத்துக்குப் போனது.

சான் தெனி சுலபம்: பாரிஸில் பதின்மூன்றாம் நம்பர் மெட்ரோ. கல்லறைப் பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுக்கணும். லெ புய்யில் சான் லோரான் தேவாலயம். கல்லறை மேல் அவர் படுத்திருக்கும் சிலையை நிதானமாகப் பார்த்தேன்.

அடுத்தது மோன்ஃபெரான். ஒரு கவுன்டரில், "து குவெஸ்க்ளின் கல்லறை எங்கே?" என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லை" என்றார். பேப்பரில் எழுதிக் காட்டலாம் என்று பேனா கேட்டால், அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டியம்மாதான் என் பேப்பரைப் படித்துச் சிரித்தார். "ஓ, து கெக்லான்! அந்தக் கல்லறையை 1793லேயே, புரட்சியில் உடைத்துவிட்டார்களே!" பெயரைத் தப்பாகச் சொன்னது, விசாரிக்காமல் வந்தது, இரண்டு தவறும் என்னுடையதுதான். ஆனாலும் அந்தக் கவுன்டர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகிறவர்கள் பெயரைக் கையோடு எழுதி எடுத்துப்போங்கள். நடுவில் வரும் 'ஸ்' எழுத்தில் மட்டும்தான், வாயில் வராது.

தினானுக்கு ரென், தோல் ஊர்களில் வண்டி மாறிப் போனேன். சான் சொவேர் தேவாலயத்தில் பீடத்தைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் இருக்கிறது இதயக் கல். முதலில் இருந்த மடத்திலிருந்து 1810இல் இங்கே மாற்றியிருக்கிறார்கள். 'உடல் சான் தெனியில் அரசர்களோடு உறங்குகிறது' என்கிறது கல்வெட்டு. அந்த எலும்பையும் 1793இல் தோண்டி எறிந்தாகிவிட்டது, பாவம்.

பழைய எழுத்து, விரலால் தொடர்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். பெயர் வந்த இடத்தில் இரண்டு முறை பார்த்தேன். அந்தக் கல்லில் 'ஸ்' எழுத்திலும் இல்லை.