கேரக்டர் ப்ராஜெக்ட்னா சார்ட் பேப்பர் மட்டும் இல்லீங்க

ஹைஸ்கூல் பசங்ககிட்ட "பிடிச்ச கதாபாத்திரத்தப் பத்தி ப்ராஜெக்ட் பண்ணிட்டு வாங்க"ன்னு சொன்னா என்ன வரும்னு தமிழ் டீச்சர்ஸ் எல்லாருக்கும் தெரியும், சார்ட் நடுவுல ஒரு படம், சுத்தி அன்பானவள் பண்பானவள் பொறுமையானவள்னு ஸ்கெட்ச் பேனால எழுத்து, ஓரத்துல ஜிகினா. இதுக்குக் கதையப் படிக்கவே வேணாம், கைடு போதும். அதனால நான் ஹீரோ ஹீரோயின விட்டுட்டு, நாலு வரி வந்துட்டுக் காணாமப் போற ஆளா பாத்து எடுக்கச் சொல்றேன்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கோங்க. கோவலன வெட்டினது யாருன்னு கேட்டா பாதிப் பேரு பாண்டியன்னுதான் சொல்லுவாங்க. கொலைக்களக் காதையப் படிச்சாத்தான் தெரியும், காவலருங்க அவனப் பாத்ததும் இவன் முகத்தப் பாத்தா கொலைப்பட வேண்டிய ஆளாத் தெரியலையேன்னு தயங்குறாங்க, உடனே பொற்கொல்லன் திருடனுங்க எப்படியெல்லாம் ஏமாத்துவாங்கன்னு நீட்டி முழக்குறான், பேச்சு போயிட்டு இருக்கும்போதே "கல்லாக் களிமகன் ஒருவன்", அதாவது படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருத்தன், வாள வீசிடுறான். அவ்ளோதான், அவனுக்குப் பேரு கூட கிடையாது. அந்த ஆளு அன்னைக்கு ராத்திரி டைரி எழுதினா என்ன எழுதுவான்? இத ஒரு தடவ கொடுத்துப் பாருங்க, பசங்க அந்தக் காதைய வரி வரியா தேடித் தேடிப் படிப்பாங்க.

ஒரே ஒரு கண்டிஷன், எந்த வரிய வச்சு எழுதினோம்னு டைரி ஓரத்துல குறிக்கணும். குடிச்சிருந்தேன்னு எழுதினா வரி இருக்கு, ஓகே. வீட்ல பிள்ளைங்க காத்துட்டு இருந்தாங்கன்னு எழுதினா அது கதையில இல்ல, ஆனா கதைக்கு முரணும் இல்ல, அத வேற கலர் பேனால எழுதட்டும். முரணா இருந்தா மட்டும் அடிச்சிடுவேன். கற்பனைக்கு இடம் எங்க இருக்கு எங்க இல்லன்னு இதுலதான் அவங்களுக்குப் பிடிபடுது.

க்ளாஸ்ல நேரம் இருந்தா கோர்ட் நடத்துங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கண்ணகி வழக்க அப்படியே நடிச்சுக் காட்டுறதுல ஒண்ணும் இல்ல, முத்தா மாணிக்கமான்னு தீர்ப்பு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். குற்றவாளிக் கூண்டுல நெடுஞ்செழியன ஏத்துங்க. சிலம்பு அந்தக் கள்வன் கையில இருந்தாத்தான் கொல்லணும்னு ராஜா உத்தரவுலயே ஒரு நிபந்தனை இருக்கு, அவன் பக்கம் வாதாடுற பொண்ணு இதக் கண்டுபிடிச்சா ஆட்டமே மாறிடும். உடனே எதிர்த்தரப்பு எழுந்து, அந்த சிலம்பு ராணியோடதுதானான்னு ஏன் யாரும் பாக்கலன்னு கேக்கும், பொற்கொல்லன் சொன்னத விசாரிக்காம நம்பினது யாரு தப்புன்னு கேக்கும். வாயிலோன், காவலருங்க எல்லாரையும் சாட்சியாக் கூப்பிடுங்க, மூலத்துல இல்லாத கேள்வி வந்தா "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு.

வாட்ஸப் சாட், இன்ஸ்டா ப்ரொஃபைல் எல்லாம் கூட கொடுக்கலாம், ஆனா நாலு கதாபாத்திரமும் ஒரே மாதிரி பேசுச்சுன்னா திருப்பிக் கொடுத்துடுங்க.

மார்க்ல பாதிக்குப் பாதி ஆதாரத்துக்குப் போடுங்க, ஓவியத்துக்கும் அலங்காரத்துக்கும் ஒரு மார்க் கூட வேணாம், அங்கதான் அப்பா அம்மா உக்காந்து செஞ்சு கொடுக்க ஆரம்பிக்கிறாங்க. எல்லார் முன்னாடியும் நின்னு பேசப் பயப்படுற பிள்ளைங்க சாட்சியத்த ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வரட்டும், கோர்ட்ல அத ப்ளே பண்ணிக்கலாம்.