பசித்தால் கோபம் வருமா என்று ஒரு கேள்வி

அக்கா மகள் இப்போது ஒரு புதுப் பட்டத்தோடு திரிகிறாள்: எச்.எஸ்.பி., அதாவது 'ஹைலி சென்சிடிவ் பெர்சன்'. அதிக உணர்திறன் கொண்டவளாம். ரீல்ஸில் பார்த்து, வினாத்தாளை நிரப்பி, மதிப்பெண்ணோடு வந்தாள். "சித்தி, நீங்க சைக்காலஜி படிச்சவங்கதானே, இது நிஜமா, டுபாக்கூரா?"

டுபாக்கூர் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரோனும் அவர் கணவர் ஆர்தரும் 1997இல் முறையான ஆய்விதழில் எழுதிய விஷயம். அவர்களுடையது 27 கேள்விகள் கொண்ட அளவுகோல். நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, பிறவிக் குணம் என்றார்கள்.

எனக்குச் சண்டை அந்தக் கேள்விகளோடுதான். ரொம்பப் பசித்தால் மனநிலை கெடுகிறதா என்று ஒன்று. (எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் இதில் பாஸ்.) கலையோ இசையோ உங்களை உருக்குகிறதா என்று இன்னொன்று. பெருஞ்சத்தம் தாங்காதவரும் பாட்டுக்குக் கண் கலங்குபவரும் ஒரே ஆள்தானா? 2006இல் கனடாவில் அலசிப் பார்த்தபோது கேள்விகள் மூன்று கொத்தாகப் பிரிந்தன: சட்டென்று திணறிப்போவது, ஒலி ஒளி தாங்காதது, அழகில் கரைவது. முதல் இரண்டும் பதற்றம், கவலைப் பக்கம் சாய்கின்றன. மூன்றாவது, புதியதை நாடும் மனப்போக்கின் பக்கம். பதற்றம், புதியதை நாடுவது ஆகிய இரண்டையும், மனிதர் குணத்தை ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பார்க்கும் 'ஐம்பெரும் ஆளுமைப் பண்புகள்' என்ற பழைய அளவுகோலே அளந்துகொண்டிருக்கிறது. அப்புறம் எதற்குத் தனிப் பெயர்?

இப்படிக் கேட்டுவிட்டுப் போக விடாமல் என்னைப் பிடித்து நிறுத்துவது உளவியலாளர் மைக்கேல் புளூஸின் 2015 ஆய்வு. இங்கிலாந்தில் வசதி குறைந்த ஒரு பகுதிப் பள்ளியில், 11 வயதுச் சிறுமிகளுக்கு மனச்சோர்வு வராமல் தடுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பலன் தெரிந்தது உணர்திறன் மதிப்பெண் அதிகம் வாங்கியவர்களிடம்தான். குறைவாக வாங்கியவர்களிடம் மாற்றம் இல்லை. கெட்டது மட்டுமல்ல, நல்லதும் இவர்களிடம் ஆழமாக இறங்குகிறது என்கிறார் அவர். வெறும் பதற்றக்காரி என்று சொல்லி இதை விளக்க முடியாது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் இந்தக் கருத்தில் எனக்கு உருப்படியாகத் தோன்றும் பகுதி இதுவே.

இப்படி உணர்திறன் கூடியவர்கள் நூற்றில் 15, 20 பேர், அவர்கள் தனி ரகம் என்ற பேச்சைத்தான் நான் நம்புவதில்லை. உயரம் மாதிரி எல்லோரிடமும் கூடக் குறைய இருக்கிற குணம் இது. பிரிக்கும் கோடு எங்கே வேண்டுமானாலும் போடலாம்; 2018இல் வந்த ஓர் ஆய்வில் உயர் பிரிவில் விழுந்தவர்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம்.

"சரி, மதிப்பெண்ணை வச்சுக்கோ. அதைச் சாக்கா சொல்லி செமினார் எடுக்க மாட்டேன்னு மட்டும் நிக்காதே" என்றேன். மேடமிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.