ரெண்டு பக்க பேப்பரும் பீட்டர் டோஹர்ட்டியும்

ஒரு ஆராய்ச்சியாளர் ப்ரொஃபைலை திறந்தா முதல்ல கண்ணுல படுறது எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன் (மத்தவங்க மேற்கோள் காட்டினது), எச்-இண்டெக்ஸ் எவ்வளவுங்கிறதுதான். எச்-இண்டெக்ஸ் 40ன்னா குறைஞ்சது 40 தடவை மத்தவங்க மேற்கோள் காட்டின பேப்பர் 40 இருக்குன்னு அர்த்தம், 2005ல ஹிர்ஷ்ங்கிற இயற்பியல்காரர் கொண்டு வந்த கணக்கு. இதை மட்டும் வச்சு ஆளை எடை போடுறத பார்த்தா எனக்கு டோஹர்ட்டி ஞாபகம்தான் வரும்.

ஆஸ்திரேலியாக்காரர், குயின்ஸ்லாந்துல கால்நடை மருத்துவம் படிச்சவர், எடின்பரோல பிஎச்டி. அப்புறம் கான்பெரால ரோல்ஃப் சிங்கர்நாகல்ங்கிற ஆராய்ச்சியாளர் கூட சேர்ந்து எலிகளை வச்சு பார்த்தப்ப, நோயை எதிர்க்கிற டி செல்லுக்கு வைரஸ் மட்டும் தெரிஞ்சா பத்தாது, வைரஸ் தொத்தின செல் நம்ம உடம்போடதுன்னு காட்டுற எம்எச்சி மூலக்கூறும் பொருந்தினாத்தான் அது அந்த செல்லைக் கொல்லும்னு கண்டுபிடிச்சாங்க. 1974ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த அந்த பேப்பர் ரெண்டே பக்கம்! 1996ல ரெண்டு பேருக்கும் நோபல். மருத்துவ நோபல் வாங்கின முதல் கால்நடை டாக்டர் டோஹர்ட்டிதான்.

கால்நடை துறைல எழுதுறவங்களே கம்மி, அப்ப சைட்டேஷனும் கம்மியாத்தான் வரும், அவங்கள கேன்சர் ஆராய்ச்சி பண்றவங்களோட பக்கத்துல நிறுத்தி நம்பர் பார்க்கிறது ரொம்ப அநியாயம்ங்க.

மெல்போர்ன்ல டோஹர்ட்டி பேர்லயே ஒரு தொற்றுநோய் இன்ஸ்டிட்யூட் இருக்கு. 2020 ஜனவரில சீனாவுக்கு வெளிய முதல்முதலா கொரோனா வைரஸை லேப்ல வளர்த்து மத்தவங்களுக்கும் பகிர்ந்தது அவங்கதான்.