அழகர் வருவதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது: ஆங்கிலக் காலங்களோடு ஐந்து மாதம்

தைப் பொங்கல் முடிந்த வாரம் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கி, தினம் பத்து ஆங்கில வாக்கியம் எழுதுவது என்று ஆரம்பித்தேன். இப்போது ஆனி மாதம், இரண்டாவது நோட்டு முடியப் போகிறது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை நாலு மணிக்குப் போனால் பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும், அதற்கப்புறம் மத்தியானம் எனக்குத்தான். இந்தப் பயிற்சியால் சம்பளம் கூடப்போவதில்லை. ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேசவும் சமாளித்துவிடுவேன், ஆனால் வினைச்சொல் வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும். வென்ட்டா (went), ஹேவ் கானா (have gone), ஹேட் கானா (had gone)? இதை ஒருமுறையாவது சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

முதல் மாதம் எல்லாரும் செய்வதையே செய்தேன். மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, ஆக பன்னிரண்டு கட்டம். அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மாசி பாதியில் எண்ணிப் பார்த்தால் 300 வாக்கியத்தில் 112 தப்பு. அக்கா மகள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பாள். அன்றைக்கு நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "மாமா, கட்டமெல்லாம் உங்களுக்குத் தெரியுது. ஆனா மனசுக்குள்ள தமிழ்ல ஒன்னு சொல்லிட்டு அதே அச்சுல இங்கிலீஷ ஊத்துறீங்க. எந்தத் தமிழ் வார்த்தையில இருந்து தப்பு வருதுன்னு பாருங்க."

அதுதான் எனக்குத் திருப்பம். அந்த 112 தப்பையும் இங்கிலீஷ் கட்டப்படி பிரிக்காமல், தமிழில் என்ன நினைத்து எழுதினேன் என்று பார்த்துப் பிரித்தேன், அதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அப்புறம் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் மார்க்கெட்டில் காதில் விழுந்த பேச்சை அப்படியே எழுதுவது, வலது பக்கம் ஆங்கிலம் என்று மாற்றிக்கொண்டேன்.

அதிகமாகத் தப்பானது 'போயிருந்தேன்'. 112-ல் 31 இந்த ஒரு வகைதான். "போன வாரம் திருப்பரங்குன்றம் போயிருந்தேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம், போய்விட்டுத் திரும்பியும் வந்தாயிற்று என்பது அந்த 'இருந்தேன்'-லேயே அடங்கிவிடுகிறது. நான் அதை 'ஐ ஹேட் கான் டு திருப்பரங்குன்றம் லாஸ்ட் வீக்' என்று எழுதுவேன். தமிழில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம். ஆங்கிலத்தில் ஹேட் கான் என்றதும் கேட்பவர் காத்திருக்கிறார், எதற்கு முன்னால் போனாய் என்று. முடிந்துபோன ஒரு சம்பவம், அதற்கும் முன்னால் முடிந்துவிட்ட இன்னொன்று, இப்படி இரண்டு இருந்து எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் அந்த ஹேட்டுக்கு வேலை. மற்றபடி போன வாரம் போனது வெறும் வென்ட்தான்.

விதியாகப் படித்தபோது இது புரிந்தது, ஆனால் கையில் வரவில்லை. கையில் வந்தது சித்திரைத் திருவிழாவில். ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் ஒரு பெரியவர் தன் பேத்திக்கு அழகர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாம் எல்லாரும் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்பி வருகிறார் அழகர், வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது, கோபத்தில் ஊருக்குள் வராமல் வண்டியூருக்குப் போய்விடுகிறார். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. 'வென் அழகர் ரீச்ட் த வைகை, த வெட்டிங் ஹேட் எண்டட்.' இதில் ஹேட்டை எடுத்துவிட்டு வெறும் எண்டட் என்று வைத்தால், அழகர் வந்தார், வந்ததும் கல்யாணம் முடிந்தது என்றாகிவிடும். அவர் வரும்வரை காத்திருந்து தாலி கட்டியது போல! அப்படி என்றால் அவருக்கு ஏன் கோபம் வருகிறது, ஏன் வண்டியூருக்குத் திரும்புகிறார்? அந்தக் கோபம் முழுவதும் ஹேட் என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அன்றிலிருந்து ஹேட் எழுதும்முன் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே அழகர் யார், கல்யாணம் எது? இரண்டும் கிடைத்தால் ஹேட், ஒன்றுதான் இருக்கிறது என்றால் சிம்பிள் பாஸ்ட், அதாவது வென்ட் போன்ற வெறும் இறந்தகாலம்.

அதே இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது. வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணி, "அழகர் ஆத்துல இறங்கிட்டாராய்யா?" என்று கேட்டார்கள். அது 'ஹேஸ் ஹி என்டர்ட் த ரிவர்?'. இப்போது ஆற்றில் இருக்கிறாரா என்பதுதான் அம்மாவின் கவலை, எத்தனை மணிக்கு என்பதில்லை. மறுநாள் கடையில் "நேத்துக் காலையில இறங்குனாரு" என்று சொன்னபோது அது வெறும் என்டர்ட். நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன ஒரு நேரம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் ஹேவும் ஹேஸும் விலகிவிட வேண்டும். பொதுவாகப் பேச்சில் '-ட்டாரா', '-ஆச்சா' என்று கேட்கிற இடமெல்லாம் எனக்கு ஹேவ் பக்கம் போகிறது, "சாப்பிட்டாச்சா?" என்றால் 'ஹேவ் யூ ஈட்டன்?'. அமெரிக்கர்கள் இதையே 'டிட் யூ ஈட்?' என்றும் கேட்பார்கள் என்று அக்கா மகள் சொன்னாள், அதுவும் தப்பில்லையாம்.

'வந்திருக்கிறார்' இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. மேலமாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீட்டைப் பற்றி ஒரு நாள் எழுதினேன். 1921 செப்டம்பர் 22, மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அவர் அரையாடைக்கு மாறியது அங்கேதான். "காந்தி மதுரைக்கு வந்திருக்கிறார்" என்பது தமிழில் அழகான வாக்கியம். 'காந்தி ஹேஸ் கம் டு மதுரை' என்று எழுதியிருந்தேன். அவள் சிவப்புப் பேனாவை எடுக்காமல், "மாமா, இத வாசிக்கிறவங்க இப்ப காந்தி மதுரையில இருக்காருன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். நம் 'இருக்கிறார்' அனுபவத்தையும் சொல்லும், இப்போதைய நிலையையும் சொல்லும். ஹேஸ் கம் என்பது ஆள் வந்து இங்கே இருக்கிறார் என்றே சொல்கிறது. மறைந்துபோனவர் செய்ததைச் சொல்லும்போது பெரும்பாலும் கேம், விசிட்டட் என்று சிம்பிள் பாஸ்ட்தான். அதே மாதிரி "அண்ணே டெல்லி போயிருக்காரு" என்பதில், இன்னும் திரும்பவில்லை என்றால் ஹேஸ் கான், போய்வந்த அனுபவம் என்றால் ஹேஸ் பீன். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல், இடம்தான் காட்டிக்கொடுக்கும்.

பயிற்சிக்கு மல்லிகை விலை போல நல்ல சரக்கு வேறு கிடையாது. "வெல ஏறிருச்சு": ஹேஸ் கான் அப், ஏறிய விலை இன்னும் அப்படியே நிற்கிறது. "பொங்கலுக்கு ஏறுச்சு": வென்ட் அப், பனியில் மொட்டு குறைந்து அப்போது ஏறியது, அந்தக் கதை முடிந்தது. "ஏறிக்கிட்டிருக்கு": இஸ் கோயிங் அப். "மூணு நாளா ஏறிக்கிட்டிருக்கு" என்றால் மட்டும் இஸ் போதாது, ஹேஸ் பீன் கோயிங் அப் ஃபார் த்ரீ டேஸ். இந்த 'மூணு நாளா', 'பத்து வருஷமா' என்பதில் நான் வருஷக்கணக்காக விழுந்துகொண்டிருந்தேன். "பத்து வருஷமா இந்தக் கடையில வேலை பாக்குறேன்" என்பதில் தமிழுக்கு நிகழ்காலமே போதும், அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று தானாக வந்துவிடும். அங்கே ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் வேண்டும், பத்து வருஷம் என்ற அளவுக்கு ஃபார், 2015 போல ஆரம்பப் புள்ளிக்கு சின்ஸ்.

'வரலை' பற்றியும் சொல்ல வேண்டும். நேற்று வரலை, இன்னும் வரலை, நான் வரலை நீங்க போங்க. மூன்றிலும் அதே வரலைதான், தமிழில் இல்லை என்றதும் காலம் உள்ளே ஒளிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அதை வெளியே எடுத்து வைக்க வேண்டும்: டிட் நாட் கம், ஹேஸ் நாட் கம், ஆம் நாட் கமிங். டிட் நாட் கேம் என்று இரண்டு முறை இறந்தகாலம் போட்ட நாட்களும் உண்டு. டிட் வந்துவிட்டால் காலத்தை அதுவே சுமக்கும்.

"தெனமும் மூணு மணிக்கு எந்திரிப்பேன்" என்ற பழக்கத்துக்கு வில் கெட் அப் போடக்கூடாது, வெறும் கெட் அப். இது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

நானே கண்டுபிடித்துக்கொண்ட குறுக்குவழி ஒன்று: தமிழில் 'நான்' வராமல் 'எனக்கு' வருகிற வினைகளுக்குப் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஐஎன்ஜி (-ing) வேண்டாம். எனக்குத் தெரியும், பிடிக்கும், புரிகிறது, வேண்டும், ஞாபகம் இருக்கிறது, எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐ ஆம் நோயிங், ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன் எல்லாம் இதனால் நின்றன. ஐ ஆம் ஹேவிங் லஞ்ச் சரிதான், ஏனென்றால் அங்கே சாப்பிடுவது 'நான்'. எனக்குக் கால் வலிக்கிறது போன்ற சிலவற்றுக்கு இந்த வழி முழுதாகப் பொருந்தாது, அவற்றைத் தனியாகக் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன்.

கடைசி 300 வாக்கியத்தில் 41 தப்பு. அதில் 17 இன்னமும் 'போயிருந்தேன்' வகை. எழுதும்போது வருவதில்லை, வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு வேகமாக எழுதினால் வருகிறது. அதனால் இந்த மாதம் முதல் வாக்கியங்களை முதலில் சத்தமாகச் சொல்லி போனில் பதிவு செய்துவிட்டு அப்புறம்தான் நோட்டில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஒரு வரியில் நானும் அக்கா மகளும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். "பூ நெறைய வந்திருந்துச்சு, வாங்கத்தான் ஆள் இல்ல." பூ முதலில் வந்தது, ஆள் இல்லாதது அப்புறம் தெரிந்தது, அதனால் ஹேட் அரைவ்டு என்பது என் பக்கம். இரண்டையும் ஒரே காலைப் பொழுதின் செய்தியாகச் சொன்னால் கேம் என்றாலே போதும் என்பது அவள் பக்கம். இரண்டுமே சரி என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள், ஆனால் நான் சொல்ல வந்தது எது என்று கேட்டாள். அன்று காலை கடையில் நின்று பார்த்ததை நினைத்துப் பார்த்தேன். நாலு மணிக்கு நான் போனபோதே மூட்டைகள் இறங்கியிருந்தன. ஹேட் அரைவ்டு என்றே விட்டுவிட்டேன்.