அப்பாவின் ரெக்கார்டு பிளேயரும் 47 கிலோ ஓமும்
தேவிபட்டினத்து வீட்டில் அப்பாவின் ரெக்கார்டு பிளேயரை என் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடுகின்றன. காரணம் தேடி, ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு இம்பீடன்ஸை (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடையை) அளந்துவிட்டேன்.

கைப்பேசியிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலி. ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டில் 2 வோல்ட். சிக்னல் கம்பியில் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை (திருகித் தடையை மாற்றும் பாகம்) தொடராக இணைத்து, வெளியீடு 1 வோல்ட்டாகும் வரை திருப்பினேன். வெளியீடு பாதியானால், பொட்டென்ஷியோமீட்டரின் தடையும் உள்ளீட்டு இம்பீடன்ஸும் சமம். பிறகு அதைக் கழற்றி ஓம் மீட்டரில் வைத்தால், காட்டுவதே விடை. வோல்ட் மீட்டரை உள்ளீட்டில் வைக்காததால் அதன் சுமை கணக்கைக் கெடுப்பதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். (நம் உப்புக்காற்றில் பொட்டென்ஷியோமீட்டர் சீக்கிரம் அரிக்கப்பட்டுவிடும், புதியதையே பயன்படுத்துங்கள்.)

வந்தது ஏறக்குறைய 47 கிலோ ஓம். பிளேயரின் செராமிக் பிக்கப்புக்கு (ஊசியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) 1 மெகா ஓம், அதாவது 1000 கிலோ ஓம் அளவு வேண்டும்; குறைந்தால் தாழ்ந்த சுரங்கள் மெலியும். இடையில் ஒரு எஃப்.இ.டி. பஃபர் (உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிக அதிகமான சிறு டிரான்சிஸ்டர் சுற்று) கட்டப்போகிறேன்.